துண்டுக்கூலியா, மாதச் சம்பளமா, பங்கா? பத்து இருபது பேரை வைத்து வேலை வாங்குவோருக்கு ஒரு ஒப்பீடு

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வரி விஷயமாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போகும்போது கேட்கிற கேள்வி வேறு: "ஆளுகளுக்கு எப்படிச் சம்பளம் போட்டா நெலச்சு நிப்பாவ?" கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர் பீஸ் ரேட்டை, அதாவது எண்ணிக் கொடுக்கும் துண்டுக்கூலியை, விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போகலாமா என்கிறார். வீரவநல்லூர்ப் பக்கம் தையல் யூனிட் வைத்திருக்கும் அக்கா, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு பீஸ் ரேட்டுக்குப் போகலாமா என்கிறார். இருவர் கேட்பதும் நியாயம்தான்.

நிர்வாகப் பாடம் எடுப்பவர்கள் இதை ஒரு ஏணி மாதிரிச் சொல்வார்கள். முதலில் அடித்து வேலை வாங்கினார்கள், அப்புறம் டெய்லர் என்ற அமெரிக்கர் வந்து வேலையை அளந்தார், அப்புறம் மேயோ என்ற ஆய்வாளர் வந்து ஆட்களை மனிதர்களாகப் பார்த்தார், அப்புறம் ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனி முறை வந்தது, ஆகவே பிந்தியதுதான் உயர்ந்தது என்று. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒவ்வொரு யோசனையும் ஏதோ ஒரு பட்டறையில் முளைத்த குறிப்பிட்ட சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி. அந்தச் சிக்கல் உங்களிடம் இல்லையென்றால் அந்த வழியின் செலவு மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முறைகளைப் பார்க்கும் முன் உங்கள் வேலையைப் பாருங்கள்.

எண்ண முடியுமா? அப்பளம், பீடி, பொட்டலம் எண்ணலாம். அல்வாக் கிண்டுவதை எண்ண முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருப்பதை எண்ணவே முடியாது.

தப்பு எப்போது தெரியும்? பீடி சரியில்லை என்றால் கடையில் கொடுக்கும்போதே தெரிந்துவிடும். வண்டிக்கு பிரேக் சரியாகப் போடவில்லை என்பது வாடிக்கையாளர் வண்ணாரப்பேட்டை இறக்கத்தில் போகும்போதுதான் தெரியும். ஐந்து கேள்விகளில் இதுதான் முக்கியமானது. பெரும்பாலோர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

ஆள் போனால் என்ன நஷ்டம்? ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும் வேலையா, இரண்டு வருஷம் பிடிக்குமா? கங்கைகொண்டான் சிப்காட்டும் திருப்பூரும் வளைகுடாவும் நம் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன.

நீங்கள் எவ்வளவு நேரம் கூட நிற்க முடியும்?

சட்டம் என்ன கேட்கும்? பத்துப் பேர் ஆனால் ஈஎஸ்ஐ, இருபது பேர் ஆனால் பிஎஃப் என்பது பொதுக் கணக்கு. துண்டுக்கூலிக்காரர் என்பதால் இவை விட்டுவிடும் என்று நினைப்பது நான் அடிக்கடி பார்க்கிற தப்பு.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு:

| முறை | எங்கே பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| மேஸ்திரி வழி ஆள் | வந்து போகும் வேலை | ஆட்கள் உங்களுக்குச் சொந்தமில்லை. அட்வான்ஸ் முடங்கும் |
| துண்டுக்கூலி | எண்ணலாம், தப்பு உடனே தெரியும் | தரம், பொருள் சேதம், ரேட் சண்டை |
| மாதச் சம்பளம், விதிமுறை | எண்ண முடியாத, பொறுப்பான வேலை | மந்தம். மேற்பார்வைச் செலவு |
| அனுசரணை | எல்லா இடத்திலும் துணைக்கு | பாரபட்சம் |
| குழுப் பொறுப்பு | பல கை பட்டு முடியும் வேலை | பழக்க மாதங்கள் ஆகும் |
| பங்கு | கைத்திறனே முதலாக உள்ள தொழில் | கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் |

## மேஸ்திரி வழியாக ஆள் எடுப்பது

இருப்பதில் பழையது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போனது கங்காணி வழியாகத்தான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு. கூலிக்காரர் பட்ட கடனைக் குறித்த சீட்டு ஒன்று இருக்கும். அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்குத்தான் அந்தக் கூட்டம் மாற முடியும். அந்தச் சீட்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஜாபர் (jobber) என்று அழைக்கப்பட்ட மேஸ்திரிகள் செய்ததும் ஏறக்குறைய இதே வேலை.

சீட்டு போய்விட்டது, அட்வான்ஸ் போகவில்லை. கட்டட வேலை, நடவு, கல்யாணச் சமையல் போல வேலை வந்து போகிற இடத்தில் இன்றும் மேஸ்திரிதான் சரி. வருஷம் முழுக்க நடக்கும் யூனிட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மேஸ்திரிக்கு யாராவது கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஒரே நாளில் எட்டு நாற்காலி காலியாகும், கொடுத்த முன்பணமும் கூடவே போகும். அவர் கூலியைக் கொடுக்காமல் நழுவினாலும் வேலை வாங்கிய உங்கள் தலையில்தான் அது விடியும்.

## துண்டுக்கூலி

துண்டுக்கூலி காலங்காலமாக உண்டு. அதை ஒரு விஞ்ஞானம் போல ஆக்கியவர் அமெரிக்காவின் ஃபிரடெரிக் டெய்லர். பெத்லெஹெம் உருக்காலையில் இரும்புக் கட்டி சுமப்பவர் ஒருவர் நாளைக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்ததை 47.5 டன் ஆக்கியதாகவும், கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதாகவும் 1911இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். பின்னாளில் ஆவணங்களைத் தோண்டியவர்கள் இந்தக் கதையில் மெருகு அதிகம் என்றார்கள். மெருகைக் கழித்துவிட்டு அந்த எண்களை மட்டும் பாருங்கள். வேலை நாலு மடங்கை நெருங்குகிறது, கூலி ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆட்கள் ஏன் இதை நம்பவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதே 1911இல் வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள்.

நம் பக்கம் இதற்குப் பெரிய உதாரணம் பீடி. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் என்று வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சுற்றுகிறார்கள். இலையும் தூளும் நிறுத்துத் தருவார்கள். அதற்கு இத்தனை பீடி திரும்பி வர வேண்டும். இலை மோசமாக இருந்து குறைந்தால் அந்த நஷ்டம் பெரும்பாலும் சுற்றியவர் தலையில் விழுகிறது. துண்டுக்கூலியின் குணமே இதுதான். எண்ணிக்கையோடு சேர்த்து, தொழிலில் வரும் ஆபத்தையும் கீழே தள்ளிவிடும்.

அப்பளக்காரருக்கு வருவோம். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காயாது. காயாத நாளில் உருட்டவும் முடியாது. துண்டுக்கூலியில் அந்த நாட்கள் கூலியில்லா நாட்கள். அவருடைய ஆட்கள் மழைக்காலத்தில்தான் கழன்று போகிறார்கள் என்பதை அவருடைய சம்பள நோட்டே சொன்னது. அவருக்குத் தேவை மாதச் சம்பளம் இல்லை. மழைநாளுக்கு ஒரு அடிப்படைக் கூலி, மற்ற நாளில் பீஸ் ரேட், அவ்வளவுதான். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் நோக்கமும் அதுவே: எண்ணிக்கை குறைந்தாலும் நாள் கூலி ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. யாராவது வேகமாகச் செய்தால் முதலாளி ரேட்டைக் குறைப்பார் என்ற பயம். "கொறச்சிருவீயன்னுதான் மெதுவா செய்தோம் அண்ணாச்சி" என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் வந்து நிற்கிறார்கள் என்றால் விஷயம் அதுதான். துண்டுக்கூலிக்குப் போகிறவர்கள் ஒரு வருஷத்துக்கு ரேட்டைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுதித் தர மனசு வரவில்லையா, இந்த முறைக்குப் போகாதீர்கள்.

அப்புறம், துண்டுக்கூலி இருக்கும் இடத்தில் யாரும் யாருக்கும் கற்றுத்தர மாட்டார்கள். கற்றுத்தரும் நேரம் அவர்களுக்கு நஷ்டம். பத்தமடையில் நெய்யும் மெல்லிய கோரைப் பாய் போன்ற வேலையை அவசரக் கூலிக்குள் தள்ளினால், கெடுவது பாயோடு நிற்காது. அடுத்த தலைமுறைக் கையும் போகும்.

## மாதச் சம்பளமும் விதிமுறையும்

பிரான்சில் சுரங்க நிறுவனத்தை நடத்திய ஹென்றி ஃபயோல் 1916இல் 14 கோட்பாடுகளைச் சொன்னார். ஜெர்மானியரான மாக்ஸ் வெபர், எழுதி வைத்த விதி, பதவி, பதிவேடு இவற்றால் நடக்கும் அமைப்பை விளக்கினார். இதெல்லாம் பெரிய அலுவலகச் சமாச்சாரம் என்று சிறு முதலாளிகள் ஒதுக்குவார்கள். ஃபயோலின் ஒரு கோட்பாடு மட்டும் நம் குடும்பக் கடைகளுக்கென்றே எழுதியது போலிருக்கும்: ஒரு ஆளுக்கு ஒரு மேலாள்தான். அண்ணன் சரக்கை இறக்கச் சொல்வார், தம்பி டெலிவரிக்கு அனுப்புவார், கல்லாவிலிருந்து மதினி டீ வாங்கி வரச் சொல்வார். மூன்றையும் கேட்ட பையன் மாலையில் மூன்று பேரிடமும் திட்டு வாங்குவான். அவன் வேலையை விட்டு நிற்பதற்குக் காரணம் சம்பளம் என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள்.

விதிமுறை என்றாலே முதலாளிக்கான கயிறு என்று நினைப்பதும் சரியில்லை. தூத்துக்குடி நம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1908 பிப்ரவரிக் கடைசியில், கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு. மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. நேரத்துக்கு விதி வேண்டும் என்று அங்கே கேட்டது தொழிலாளர்தான்.

மாதச் சம்பளம் பொருந்தும் இடம்: அல்வா மாஸ்டர், மெக்கானிக், கல்லா, மருந்துக் கடை. அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது முதல் இறக்குகிற பதம் வரை அவசரப்பட்டால் போச்சு. அங்கே கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சாப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்பளத்தை எவ்வளவு கூட்டினால் ஆள் நிற்கும்? ஃபோர்டு கம்பெனியில் 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்தபோது உற்பத்தி பாய்ந்தது, ஆனால் ஆட்கள் ஓடினார்கள். அந்த வருஷம் ஆள் மாறிய விகிதம் 370 சதவீதம். அதாவது ஒரு இடத்துக்கு வருஷத்தில் மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளைக்கு 5 டாலர், 8 மணி நேரம் என்று அறிவித்தார் ஃபோர்டு. பழைய கூலியைப் போல இரண்டு மடங்கு. ஓட்டம் நின்றது. கூடவே, அந்தப் பணத்துக்குத் தகுதியான நடத்தையா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒரு துறையையும் வைத்தார். கூலியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவரின் சொந்த வாழ்க்கையில் மூக்கை நுழைக்கும் முதலாளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஜவுளிக் கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. பத்து மணி நேரம் நிற்க வைப்பதை ஒழுங்கு என்று நினைத்தவர்கள் இன்னும் ஸ்டூல் வாங்கவில்லை. வாங்குங்கள்.

## அனுசரணை

சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். கூட்டினாலும் வேலை கூடியது, கூட்டாத இடத்திலும் கூடியது. பிறகு ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து ஓய்வு நேரம், வேலை நேரம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள், உற்பத்தி ஏறியது. இதிலிருந்து எல்டன் மேயோவும் அவர் கூட இருந்தவர்களும், ஆட்களைக் கவனித்தால், பேசவிட்டால் வேலை நடக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்தக் கதையில் சொல்லாமல் விடுவது இரண்டு. அந்த ஐந்து பேரில் இருவர் ஒத்துழைக்கவில்லை என்று நடுவில் மாற்றப்பட்டார்கள். கூலி முறையும் மாற்றப்பட்டது: அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கேற்ற கூலி. ஆக, அன்பு மட்டும் வேலை செய்யவில்லை. அதே ஆலையில் 14 ஆண்கள் இருந்த இன்னொரு அறையில், அதிகம் செய்கிறவரின் தோளில் கூட்டாளிகளே குத்து விட்டு வேகத்தைக் குறைத்தார்கள். மேலே சொன்ன ரேட் பயம் அங்கேயும் இருந்தது.

நம் ஊரில் அனுசரணைக்குப் பஞ்சமில்லை. பொங்கலுக்குத் துணி, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு அட்வான்ஸ், ஆனித் தேரோட்டத்துக்கு லீவு. நல்லதுதான். ஆனால் நோட்டில் பார்த்தால் அட்வான்ஸ் போகும் திசை தெரியும். சொந்தக்காரர், சொந்தச் சாதிக்காரர், சொந்த ஊர்க்காரர் பக்கமே அது ஒதுங்கும். மற்றவர்கள் அதை வாயால் சொல்வதில்லை, காலால் சொல்கிறார்கள். அனுசரணையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கு எவ்வளவு வரை அட்வான்ஸ் என்பதைச் சுவரில் ஒட்டுங்கள்.

## குழுப் பொறுப்பு

தையல் யூனிட் அக்கா பீஸ் ரேட் கேட்டார் அல்லவா? காலர் தைப்பவர் ஒருவர், கை பொருத்துபவர் ஒருவர், பட்டன் ஒருவர். ஆளுக்கு ஆள் எண்ணிக் கூலி கொடுத்தால் காலர் மலையாகக் குவியும், சட்டை வெளியே வராது. அவருக்கு நான் சொன்னது அகமதாபாத் கதை. 1953இல் ஒரு பஞ்சாலையின் தானியங்கித் தறிக் கூடத்தில், ஆளுக்கொரு துண்டு வேலை என்று பிரித்திருந்ததை ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளரின் யோசனைப்படி மாற்றினார்கள். ஒரு சிறு குழுவுக்கு இத்தனை தறி, அந்தத் தறிகளுக்கு அந்தக் குழுவே பொறுப்பு. கொஞ்ச காலத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது.

டொயோட்டா இதையே வேறு பக்கமிருந்து பிடித்தது. தப்பைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்டில், மூடிக் கிடந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை 1984இல் இரண்டு கம்பெனியும் சேர்ந்து திறந்தபோது, பெரும்பாலும் பழைய ஆட்களையே எடுத்தார்கள். மோசமான ஆட்கள் என்று பேர் வாங்கியவர்கள் அவர்கள். வண்டிகளின் தரம் ஏறிவிட்டது.

செலவு? எல்லோரும் எல்லா மெஷினும் பழக வேண்டும், அதுவரை உற்பத்தி இறங்கும். சோம்பேறி ஒருவர் இருந்தால் குழு அவரைத் தானே சரிசெய்யும் என்பார்கள். சில சமயம் குழு ஒரு நல்ல புது ஆளை விரட்டிவிடும், அதையும் பார்க்க வேண்டும். கயிற்றை இழுத்தவரைத் திட்டாத வாய் முதலாளிக்கு வேண்டும். டெலிவரி நாளில் லைனை நிறுத்திய பெண்ணிடம் "ஏன் நிறுத்துனே?" என்று ஒருமுறை கத்திவிட்டால் போதும், அப்புறம் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

## பங்கு

1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்து, கேரளம் அதை அமல்படுத்தத் தொடங்கியபோது, கண்ணூரில் பீடி நிறுவனங்கள் கடையை மூடிக்கொண்டு போயின. வேலை இழந்தவர்கள் 1969இல் அரசு உதவியோடு தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். சட்டப்படி எல்லாம் கொடுத்தால் பீடித் தொழில் நடக்காது என்றவர்களுக்கு அது பல வருஷம் பதிலாக இருந்தது. புகைப்பது குறைந்தபோது குடை, உணவுப் பொருள், துணி என்று மாறினார்கள். எந்திரம் பெரிதாக வேண்டாத, கைத்திறனே முதலான தொழிலுக்கு இது பொருந்தும். வங்கிக் கடனும் பெரிய எந்திரமும் உங்கள் பேரில் இருக்கும்போது முழுக் கூட்டுறவு நடைமுறைக்கு ஒத்துவராது.

பாதிப் பங்கு என்று ஒன்று உண்டு. சென்னைக்குப் போன நம் அண்ணாச்சி கடைகளில் ஊரிலிருந்து வரும் பையன் பல வருஷம் உழைப்பான். சம்பளம் முதலாளியிடமே சேரும். ஒரு நாள் அதை முதலாக வைத்துத் தனிக் கடை போட்டுக் கொடுப்பார்கள், சரக்கும் கடனுக்குக் கிடைக்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அருமையான முறை. அதன் ஓட்டை, வாய்ப்பேச்சு. சேர்ந்த தொகை எவ்வளவு என்பது முதலாளி நினைவில் மட்டும் இருந்தால், அவர் மறைந்த மறுநாள் பையனுக்கு ஒன்றுமில்லை. மாஸ்டருக்கு லாபத்தில் பங்கு என்று சொல்லும் அல்வாக் கடைக்காரர்களும் லாபக் கணக்கைக் காட்ட மறுத்தால், போனஸ் என்று சொல்லிக் கொடுப்பதே மேல்.

## முடிவெடுக்கும்போது

ஒரு கடைக்கு ஒரே முறை என்று கட்டாயமில்லை. அப்பள யூனிட்டில் உருட்டுபவருக்கு அடிப்படையோடு பீஸ் ரேட், மாவு பிசைபவருக்கு மாதச் சம்பளம். மாவு கெட்டால் எல்லா அப்பளமும் கெடும், அவரை அவசரப்படுத்தக் கூடாது. தையல் யூனிட்டுக்குக் குழுக்கூலி, வெட்டும் மாஸ்டருக்கு மாதச் சம்பளம். பிரேக் போடும் மெக்கானிக்குக்கு எக்காலத்திலும் வண்டிக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள்.

எந்த முறைக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மும்பை அருகே துணி ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. ஆலோசகர்கள் சொல்லிக் கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை: சேதத்தை எழுதி வை, நூல் இருப்பை எழுதி வை, தரையைக் கூட்டு. முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. அந்த முதலாளிகள் வெளியாளை நம்பாததால், வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகளோ அந்த அளவுக்குத்தான் தொழில் வளர்ந்தது என்றும் அதில் சொல்கிறார்கள். டவுனில் உள்ள கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆகவே முதல் மூன்று மாதம் கூலியைத் தொடாமல் எண்ணிக்கை, சேதம், லீவு மூன்றையும் எழுதுங்கள். ஆளிடமிருக்கும் கோளாறு என்று நினைத்ததில் பாதி, சரக்கு நேரத்துக்கு வராததால் வந்தது என்று தெரியலாம்.

மாற்றுவதாக இருந்தால் தை பிறந்த பிறகு மாற்றுங்கள். தீபாவளிக்கு முன் மாற்றினால் போனஸைக் குறைக்கத்தான் என்று பேச்சாகிவிடும். பழைய அட்வான்ஸ் பாக்கியைப் புதுக் கூலியில் ஒரேயடியாகப் பிடிக்காமல் தவணை போட்டு, அந்தத் தவணையையும் அவரவர் நோட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.